வாசிக்கத் திணறும் பிள்ளை புத்தி குறைந்த பிள்ளையா?

அண்ணா, வணக்கமுங்க. டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்புச் சிரமம், இருக்கும் பிள்ளைக்கு மூளைத்திறனே குறைவு, படிப்பு ஏறாது என்று உங்க பதிவில் போட்டிருக்கீங்க. அது அப்படி இல்லீங்க.

அச்செழுத்தை ஒலியோடு சேர்ப்பதில்தான் அவர்களுக்குச் சிரமம். பொது அறிவுத்திறன் வேறு விஷயம். 2011-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து, வாசிக்கத் திணறும் பிள்ளைகளை மூளை ஸ்கேனில் வைத்து, காட்டிய இரண்டு சொற்கள் ஒரே ஓசையில் முடிகிறதா என்று கேட்டார்கள். ஐக்யூ (அறிவுத்திறன் அளவு) கூடிய பிள்ளை, குறைந்த பிள்ளை இரு தரப்புக்கும் மூளையின் இடப்பக்க வாசிப்புப் பகுதிகளில் ஒரே மாதிரியான குறைந்த செயல்பாடுதான் தெரிந்தது. அதாவது, அந்தச் சிரமம் ஐக்யூவைப் பொறுத்தது இல்லீங்க. மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் டிஸ்லெக்ஸியா, ஐக்யூ, ஹிரோகோ தனாகா (ஆய்வை எழுதியவர்களில் முதல் பெயர்) என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்த ஆய்வின் சுருக்கத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

வீட்டிலும் பார்க்கலாமுங்க. ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கு ஒன்றை, மூட்டைக்கு 50 கிலோ என்றால் 7 மூட்டை எவ்வளவு என்று, நீங்களே வாசித்துக் காட்டி, வாயால் பதில் கேளுங்க. தாளில் விட்டதைப் பல பிள்ளைகள் வாயில் சொல்லிவிடும். இது நோயறியும் சோதனை அல்ல. அதற்குக் கல்வித்துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்த்தால் அடுத்து எங்கே போவதென்று சொல்வார்.

'மக்கு' என்று மட்டும் அந்தப் பிள்ளையைச் சொல்லிடாதீங்க அண்ணா.