அந்தச் சூதுபவளக் கல் அலெக்சாண்டர் காலத்தது அல்ல

வெற்றி வீரனாக அலெக்சாண்டர், ஓரத்தில் பொடிப்பொடியான கிரேக்க எழுத்தில் பிர்கோடெலஸ் என்ற பெயர். இப்படிப்பட்ட சூதுபவளக் கற்களின் படத்தைப் போட்டு, "அலெக்சாண்டரின் சொந்தக் கலைஞர் 2,300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கியது" என்று பகிர்கிறார்கள். தவறு.

இவை போனியாடோவ்ஸ்கி கற்கள். போலந்து அரச குடும்பத்து இளவரசர் ஸ்டானிஸ்லாஸ் போனியாடோவ்ஸ்கி சேர்த்த 2,500-க்கும் மேற்பட்ட கற்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் செதுக்கப்பட்டவை. பிர்கோடெலஸ் உண்மையில் வாழ்ந்தவர்தான். தன் உருவத்தைக் கல்லில் செதுக்க அலெக்சாண்டர் அவருக்கு மட்டுமே அனுமதி தந்ததாகப் பழங்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தப் புகழுக்காகவே அவர் பெயரைப் பொறித்தார்கள்.

இளவரசர் 1833-இல் இறந்தார். 1839-இல் லண்டனில் ஏலம் விட்டபோது, கற்கள் புதியவை என்ற பேச்சால் விலை படுத்துவிட்டது. அப்புறம் சுமார் 1,200 கற்களை வாங்கிய ஜான் டிரெல், அவை பழையவையே என்று வாதாடினார்; எடுபடவில்லை.

சரி, அப்படியானால் இவை மட்டமானவையா? இல்லவே இல்லை. விரல் நுனியளவு இடத்தில், அரக்கில் பதித்தால் நேராகத் தெரியும்படி எல்லாவற்றையும் இடவலம் மாற்றிக் குடைந்திருக்கிறார்கள். இவற்றைச் செதுக்கிய ஜியோவானி கலாண்ட்ரெல்லி போன்ற கலைஞர்களின் கைகளுக்குத்தான் பாராட்டு போக வேண்டும்.