ஆறுதல் சொல்லாத பாட்டுங்க

அமெரிக்காவுல அப்பலாச்சியன் மலைப் பக்கத்துப் பழைய பாட்டுங்களப் பத்திப் பேச்சு வந்தாலே "எல்லாம் விதின்னு கிடந்த ஜனங்க பாடுனது, அதான் இவ்ளோ இருட்டு"ன்னு ஒரே வரில முடிச்சிடறாங்க. எனக்கு இதுல துளிகூட உடன்பாடு இல்ல.

'பிரெட்டி பாலி'ங்கற பாட்ட எடுத்துக்குவோம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரலாம் வான்னு காதலன் பாலிங்கற பொண்ண மலைக்குக் கூட்டிட்டுப் போறான், அங்க புதுசா வெட்டுன குழி, பக்கத்துலயே மண்வெட்டி கிடக்குது, நேத்து ராத்திரி முக்காவாசி நேரம் உனக்குத்தான் தோண்டிட்டு இருந்தேன்றான். டாக் பாக்ஸ் 1927-ல பாடுன ரெக்கார்ட் இருக்கு, வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்த ஆளு, கொலை நடக்கற இடத்துலயும் அவரு குரல் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, பான்ஜோங்கற தந்தி வாத்தியம் அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். இதோட மூலப் பாட்டு இங்கிலாந்துல இருந்து கப்பலேறி வந்தது. அதுல செத்த பொண்ணு பேயா வந்து கொலைகாரனக் காட்டிக் குடுத்துடுவா. மலைக்காரங்க பெரும்பாலும் அந்தப் பேயயே வெட்டித் தூக்கிட்டாங்க! நியாயம் கிடைச்சிடும்னு பொய் சொல்ல அவங்களுக்கு மனசு வரலன்னுதான் எனக்குத் தோணுது.

சாமி பாட்டும் அப்படித்தான். அங்க பாப்டிஸ்ட்ங்கற கிறிஸ்தவப் பிரிவோட பழைய சபைங்க பலதுல வாத்தியம் கிடையாது, ஒருத்தர் வரி எடுத்துக் குடுக்க மத்தவங்க இழுத்துப் பாடுவாங்க. யாருக்கு ரட்சிப்புன்னு கடவுள் முன்னாடியே முடிவு பண்ணிட்டாருன்னு நம்புறவங்க அதுல நிறைய பேரு, அதனால "நான் ரட்சிக்கப்பட்டேன்"னு அடிச்சுச் சொல்லமாட்டாங்க, "எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கு", அவ்ளோதான். அந்த மலைப் பக்கத்துப் பாடகர் ரால்ஃப் ஸ்டான்லி பாடுன 'ஓ டெத்' கேட்டிருப்பீங்க, 2000-ல ஒரு படத்துல வந்து கிராமி விருது வரைக்கும் போச்சு. வெறும் குரல், எழுபதைத் தாண்டுன குரல். இன்னும் ஒரு வருஷம் விட்டுடுன்னு சாவுகிட்ட கெஞ்சுறான், அது வெள்ளிக்கும் மசியல தங்கத்துக்கும் மசியல. விதியேன்னு கிடக்கறவன் எதுக்குங்க பேரம் பேசப் போறான்?

அட, 1931-ல கென்டக்கி ஹார்லன் கவுண்டில சுரங்கத் தொழிலாளிங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ அங்க போலீஸ் அதிகாரியா இருந்த ஷெரீஃபோட ஆளுங்க துப்பாக்கியோட ஃப்ளாரன்ஸ் ரீஸ்ங்கற அம்மா வீட்டுக்குள்ள பூந்து, தொழிற்சங்கத்துல முன்னாடி நின்ன அவங்க வீட்டுக்காரரத் தேடுனாங்க, அந்தம்மா காலண்டர் தாளக் கிழிச்சு "நீ எந்தப் பக்கம்?"னு ஒரு பாட்டு எழுதுனாங்க. மெட்டு? இதே பழைய மெட்டுல ஒண்ணுதான்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஒவ்வாது. 'டாம் டூலி'. நார்த் கரோலினால லாரா ஃபாஸ்டர்னு ஒரு பொண்ணக் கொன்னதுக்காக 1868-ல தூக்குல போட்ட ஆளப் பத்துன பாட்டு. 1958-ல கிங்ஸ்டன் ட்ரியோங்கற பாட்டுக் குழு பாடி உலகமே முணுமுணுத்துச்சு, தூக்குக்குப் போறவனுக்கு "பாவம் பையா"ன்னு கோரஸ் வேற. செத்தவ பேரு அதுல ஒரு இடத்துலகூட வராது. பிளேலிஸ்ட்ல வந்தா ஸ்கிப் பண்ணிடுவேன், மெட்டு எவ்ளோ நல்லா இருந்தாலும் சரி.