நேசித்துவிட்டால் சொந்தமாகிவிடுமா?

பள்ளியில் படிக்கும்போது நான் டென்னிஸ் வீராங்கனை ஸ்டெஃபி கிராஃபின் ரசிகை. அவருடைய படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒரு நோட்டு முழுக்க ஒட்டி வைத்திருந்தேன். அவர் தோற்ற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவரிடமிருந்து முதலிடத்தைப் பறித்த மோனிகா செலஸை எனக்குப் பிடிக்காது. காரணம் அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை.

1993 ஏப்ரல் 30. ஹாம்பர்க்கில் ஒரு காலிறுதி ஆட்டம். செலஸ் முன்னிலையில் இருந்தார். இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில், கூட்டத்திலிருந்து வந்த ஒருவன் கத்தியால் குத்தினான். அவருக்கு அப்போது 19 வயது. அதற்குள் எட்டு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றிருந்தார். குத்தியவனுக்கு அவரோடு எந்தப் பகையும் கிடையாது. கிராஃப் மறுபடி முதலிடத்துக்கு வர வேண்டும், அதற்காகத்தான் செய்தேன் என்றான். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை.

செய்தியைப் படித்ததும் பதறினேன். ஆனால் அந்தப் பதற்றம் அடங்குவதற்குள்ளேயே இன்னொரு நினைப்பும் வந்தது: இனி ஸ்டெஃபிக்கு யார் போட்டி? ஒரு நொடிதான். உடனே என்மேலேயே அருவருப்பு வந்தது. இத்தனை வருடங்களில் இதை யாரிடமும் சொன்னதில்லை. கத்தி எடுத்தவனும் நானும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் அவன் நின்ற இடத்துக்குப் போகும் பாதை என் நோட்டிலிருந்தும் தொடங்கக்கூடியதுதான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் ஆசைப்பட்டது நடந்தது. ஜூன் மாதமே கிராஃப் முதலிடத்துக்கு வந்தார். செலஸ் களத்துக்குத் திரும்ப இரண்டு வருடங்களுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் ஒன்றே ஒன்று. குத்தியவன் சிறைத் தண்டனையை அனுபவிக்கவே இல்லை, நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே வந்துவிட்டான். செலஸ் அதன்பின் ஜெர்மனியில் ஆடவே இல்லை. சரி, கிராஃபுக்காவது நல்லது செய்தானா? அந்த வருடங்களில் கிராஃப் வென்ற பட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் யாராவது ஒருவர் "செலஸ் இருந்திருந்தால்..." என்று ஆரம்பிக்கிறார். தன் உழைப்பால் ஜெயித்த ஒரு பெண்ணின் வெற்றிமேல், அவர் ரசிகன் என்று சொல்லிக்கொண்டவனே அழியாத கறையைப் பூசிவிட்டுப் போனான்.

ரசிக மனநிலை பற்றிப் பேசினால் நம்மவர்கள் உடனே எடுத்துவிடும் பழமொழி, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இந்த விஷயத்தில் அதை நான் ஏற்கவில்லை. ஒரு பாடகருக்காக அவர் மொழியையே கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். நாற்பது வருடத்து ஆட்டங்களின் ஸ்கோரை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று எதற்காகச் சொல்ல வேண்டும்? 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்ததால்தான் 1976-ல் நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு, கதையில் வரும் கப்பலின் பெயரான 'எண்டர்பிரைஸ்' என்பதையே வைத்தது. 2020 ஜூனில் தென்கொரியப் பாடகர் குழுவான பிடிஎஸ் நிறவெறிக்கு எதிரான போராட்டத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது தெரிந்ததும், அதன் ரசிகர்கள் ஏறக்குறைய ஒரே நாளில் அதே அளவு தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். இவர்கள் யாரும் அளவோடு நேசித்தவர்கள் இல்லை. மிஞ்சித்தான் போனார்கள்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வலெராண்டும் அவருடைய சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதில் எனக்குப் பெரிய தெளிவைக் கொடுத்தது. பேரார்வம் இரண்டு வகை என்கிறார்கள். இரண்டிலும் அன்பு உண்டு, இரண்டிலும் நேரம் கொட்டப்படுகிறது. ஒன்றில் கடிவாளம் நம் கையில் இருக்கிறது, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு அது சண்டை போடுவதில்லை. இன்னொன்றில் கடிவாளம் அதன் கையில். நம் சுயமரியாதையே அதில் கட்டுண்டு கிடப்பதால் விட நினைத்தாலும் விட முடிவதில்லை. எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பதால் எது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது.

இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். நேசிக்கப்படுகிறவர் நமக்குக் கடன்பட்டவர் என்று எப்போது தோன்றுகிறதோ, அப்போதுதான் கோடு தாண்டப்படுகிறது. "உன்னை வளர்த்துவிட்டதே நாங்கள்தான்" என்று ஒரு ரசிகர் எழுதினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். டிக்கெட் வாங்கினோம், பாட்டைக் கேட்டோம். பதிலுக்குப் பாட்டு கிடைத்தது, ஆட்டம் கிடைத்தது. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. யாரைக் கல்யாணம் செய்வது, எந்த உடை போடுவது, எப்போது ஓய்வு பெறுவது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

திரையில் பார்க்கிற முகம் நமக்கு நெருங்கியவர்போலத் தோன்றுவது இயல்புதான். 1956-லேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம் இந்த ஒருதலை நெருக்கத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அது நோய் இல்லை. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது, இந்த உண்மை மனதில் இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அது மறந்துபோனவர்கள்தான் 'ஸ்டார் வார்ஸ்' பட நடிகை கெல்லி மேரி டிரானை, அவருடைய இனத்தையும் உருவத்தையும் சொல்லி மாதக்கணக்கில் வதைத்தார்கள். 2018-ல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு ஒதுங்கினார். கேட்டால், படத்தின்மேல் உள்ள அன்பால்தான் கோபம் என்றார்கள். தன் வேலையைச் செய்த ஒரு பெண்ணை அழவைக்கிற அன்பு யாருக்கு வேண்டும்?

தமிழில் நமக்கு ஓர் அழகான சொல் இருக்கிறது, ரசிகர். ரசிக்கிறவர். அது போதவில்லை என்று "நான் அவருடைய வெறியன்" என்று மார்தட்டிக்கொள்கிறோம். சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வெறியே பெருமை என்றாகிவிட்ட கூட்டத்தில் சாதாரணமாக ரசிப்பவர் குறைந்தவர் ஆகிவிடுகிறார். "இந்த ஆல்பம் சுமார்தான்" என்று ஒருவர் சொன்னால் துரோகி. அடுத்த நடிகரின் ரசிகரை யார் அதிகம் திட்டுகிறாரோ அவருக்குத்தான் அதிக லைக். தனியாக இருந்தால் யாரும் இவ்வளவு தூரம் போகமாட்டார்கள். கைதட்டல்தான் தள்ளிக்கொண்டு போகிறது.

நான் இருந்த, இசை ரசிகர்களின் இணையக் குழு ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். உறுப்பினர் ஒருவர் ஒரு பாடகியின் வீட்டு முகவரியைக் கண்டுபிடித்துப் போட்டார். வாசல் படம் வேறு. "செம", "சூப்பர் வேலை" என்று கீழே பின்னூட்டங்கள் குவிந்தன. எனக்குத் தவறென்று தெரிந்தது. ஆனாலும் சண்டைக்காரி என்ற பெயர் எடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அட்மினும் அதை நீக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எதுவும் சொல்லாமல் குழுவிலிருந்து வெளியேறினேன். அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

முகவரிதானே என்று நினைக்கிறவர்கள் ரெபேக்கா ஷேஃபரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 21 வயது நடிகை. அவர்மேல் பித்தாக இருந்த ஒருவன், துப்பறிவாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, வாகனப் பதிவு அலுவலக ஆவணங்கள் வழியாக அவர் முகவரியை வாங்கினான். 1989 ஜூலை 18 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அவர் வீட்டு வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றான். கலிஃபோர்னியா 1990-ல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்ததற்கும், வாகனப் பதிவு விவரங்களைக் காக்க 1994-ல் அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் வந்ததற்கும் அந்த மரணம் ஒரு முக்கியக் காரணம்.

இப்போது வேறொரு குழுவில் நானே அட்மின்களில் ஒருத்தி. சில மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில், நிகழ்ச்சிக்கு வந்திருக்கும் பாடகர் எந்த ஓட்டலில் தங்கியிருக்கிறார் என்று ஓர் இளம்பெண் கேட்டிருந்தாள். பதிவை எடுத்துவிட்டு அவளுக்குத் தனியாக எழுதினேன்.

"ஒரு தடவை பார்த்தால் போதும் அக்கா. நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அவருக்குத் தெரியவே தெரியாது இல்லையா?" என்றாள்.

"தெரியாதும்மா" என்றேன். "தெரியாமலேயே இருக்கட்டும். இரண்டு மணி நேரம் பாடிவிட்டு வந்தவர், தூங்கட்டும்."

பதில் வரவில்லை. திட்டிவிட்டுப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் படம் வரைவாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் குழுவில் ஒரு பென்சில் ஓவியம் போட்டாள். அவர் முகம் அதில் இல்லை. நிகழ்ச்சி முடிந்து விளக்கெல்லாம் அணைந்த மேடை, நடுவில் தனியாக ஒரு மைக்.