டிரேடு ஆனதும் உரிமைக் காலம் புதிதாகத் தொடங்காது

நம் அணி டிரேடில் (அணிகளுக்கிடையேயான வீரர் பரிமாற்றத்தில்) வாங்கியவர்களைப் பற்றி, “மூன்று இளம் வீரர்களும் இனி ஏழு வருஷம் நம்ம கையில்தான், டிரேடு ஆனாலே கணக்கு புதுசா ஆரம்பிக்கும்” என்று நீங்கள் எழுதியிருப்பது தவறு. என்.எச்.எல்.லில் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்தும் ஒப்பந்தமிடாத வீரரை வாங்கினால், பழைய அணியிடம் மிச்சமிருந்த உரிமைக் காலம் (அவரோடு ஒப்பந்தமிட அந்த அணிக்கு மட்டும் உள்ள அவகாசம்) மட்டுமே கைமாறும். ஒரு நாள்கூட நீளாது.

ஜிம்மி வீஸி விஷயத்தைப் பாருங்கள். 2012 டிராஃப்டில் நாஷ்வில் அணி எடுத்த ஹார்வர்ட் மாணவர். 2016 ஜூனில் பஃபலோ அணி, டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடுத்து உரிமையை வாங்கியது. ஆகஸ்ட் 15-ல் அது காலாவதியானது. அவர் நேராக நியூயார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்துவிட்டார். பஃபலோவுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆடம் ஃபாக்ஸை 2018-ல் கால்கரியிடமிருந்து பெற்ற கரோலைனாவும் அவரிடம் கையெழுத்து வாங்க முடியாமல், அடுத்த வருஷமே ரேஞ்சர்ஸுக்கு விற்றது. 2021-ல் அவர் நோரிஸ் கோப்பை (சிறந்த தடுப்பாட்ட வீரருக்கான விருது) வென்றார். கரோலைனா ரசிகர்களுக்கு அது இன்னும் வலிக்கும்.

நீங்கள் சொல்லும் 7, ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கானது: 27 வயது, அல்லது என்.எச்.எல்.லில் கணக்கில் சேரும் 7 சீசன், எது முந்துகிறதோ அதன்பின், ஒப்பந்தம் முடிந்தால் எந்த அணியிலும் சேர முழு சுதந்திரம்.

ஒப்பந்தமிட்டவர் வந்தாலும் அதே கதைதான். மூன்று வருஷத் தொடக்க ஒப்பந்தத்தில் இரண்டு முடிந்திருந்தால் அந்த ஒப்பந்தத்தில் நமக்குக் கிடைப்பது ஒரே வருஷம். வேவர்ஸ் விலக்கும் (மற்ற அணிகள் உரிமை கோர இடம் தராமல் வீரரைக் கீழ் லீகுக்கு அனுப்பும் சலுகை) அப்படியே தொடரும்: 20 வயதில் கையெழுத்திட்ட, கோல்கீப்பர் அல்லாத வீரருக்கு 3 வருஷம் அல்லது 160 ஆட்டம். அதன்பின் கீழ் லீகுக்கு அனுப்பினால் வேறு அணி இலவசமாகத் தூக்கிக்கொள்ளலாம். இந்த மூவரில் யார் கையெழுத்திட்டிருக்கிறார், மற்றவர்களின் கெடு எந்தத் தேதி என்பதை முதலில் பாருங்கள்.