ஞாயிற்றுக்கிழமை சிரித்தவர்களுக்கு

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்டபக் கூட்டத்தில் நான் நடுவில் எழுந்து போன வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று, எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். 'அங்கிள் கோபித்துக்கொண்டு வெளிநடப்பு' என்று தலைப்பு வேறு. வெளிநடப்பெல்லாம் ஒன்றுமில்லை. டீ குடிக்கப் போனேன், திரும்பி உள்ளே வர மனசு வரவில்லை.

அன்றைக்கு மேடையில் பேசிய தம்பி நல்லா படித்த பையன், நல்லா பேசுகிறான். ஸ்குவிட் கேம் என்கிற கொரியத் தொடரில், கடனில் மூழ்கியவர்கள் பரிசுப் பணத்துக்காகச் சின்னப்பிள்ளை ஆட்டங்கள் ஆடுவார்கள், தோற்றவர்களைக் கொன்றுவிடுவார்கள். அதில் வரும் பாகிஸ்தான் தொழிலாளி அலியைப் பற்றி அவன் சொன்னதை மறுபடி கேட்டுப் பாருங்கள்: "அலி ஒரு முட்டாள். யாரும் அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வரவில்லை. கையெழுத்துப் போட்டு வந்தான், ஏமாந்தான், செத்தான்." மண்டபமே சிரித்தது. கொரியாவில் யாரோ சிரித்திருந்தால் எனக்கென்ன? சிரித்தது தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் இருக்கிற நம்ம சாட்ஸ்வொர்த் ஜனங்கள். முன்வரிசையில் என் சொந்த மச்சானும் சிரித்தான்.

கையெழுத்துப் போட்டானாம். அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிற யோக்கியதை நம்மில் யாருக்காவது இருக்கிறதா?

மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ம் தேதி டர்பனுக்கு வந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். 1911 வரைக்கும் கணக்குப் போட்டால் டர்பன் இருக்கிற இந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களும் கைநாட்டு வைத்துத்தான் வந்தார்கள். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். என் பூட்டனைக் கப்பல் பட்டியலில் தேடியபோது பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். கடைசியில் நம்பரை வைத்துத்தான் கிடைத்தார். தொடரில் அலி சட்டையில் 199 என்று போட்டிருக்கும். அதை நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, சொல்லுங்கள்.

"வீட்டுக்கு விட்டார்களே, திரும்பி ஏன் வந்தான்?" என்று கேட்டு அதற்கும் கைதட்டல் வாங்கினான் தம்பி. நியாயமான கேள்விதான். 456 பேரில் முதல் ஆட்டத்திலேயே 255 பேர் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். மிச்சம் 201 பேர் ஓட்டுப் போட்டு, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வெளியே போகிறார்கள். ஆனால் 187 பேர் தாங்களாகவே திரும்பி வருகிறார்கள். ஏன் வந்தார்கள் என்று தெரிய நீ கொரியாவரைக்கும் போகவேண்டாம் தம்பி, உன் தாத்தாவின் தாத்தாவைக் கேள். 1895-ல் இந்த ஊரில் ஒரு சட்டம் போட்டார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடித்தவன் கப்பல் ஏறி ஊருக்குப் போகணும், இல்லை மறுபடி ஒப்பந்தம் போடணும், ரெண்டும் வேண்டாமென்றால் வருஷம் மூன்று பவுண்டு வரி கட்டணும். புதிதாக வந்த கூலிக்கு மாசச் சம்பளம் பத்து ஷில்லிங். மூன்று பவுண்டு என்பது அறுபது ஷில்லிங். அரை வருஷச் சம்பளம்! மறுபடி கைநாட்டு வைத்தவர்கள் கரும்புத் தோட்டத்தின்மேல் காதல் கொண்டா வைத்தார்கள்? கதவைத் திறந்துவிட்டு வாசலில் வரியை உட்கார வைத்தால் எவன் வெளியே போவான்? அலிக்கும் வெளியே இருந்தது அதுதான். மாசக்கணக்காகச் சம்பளம் தராத முதலாளி, விரல் போன கை, பெண்டாட்டி, கைக்குழந்தை.

கையெழுத்துப் போட்டவனெல்லாம் விரும்பி வந்தவன் இல்லை. இதைத்தான் அன்றைக்கு மைக்கில் சொல்ல வந்தேன். மைக்கைத்தான் வாங்கிவிட்டீர்களே.

இன்னொருவர் எழுந்து தில்லையாடி வள்ளியம்மையை இழுத்தார். பதினாறு வயசுப் பெண் மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் கிடந்து, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிரை விட்டாள், ஆனால் மனசு உடையவில்லை, மன உறுதி வேண்டும் என்றார். வள்ளியம்மையைக் கும்பிடுகிறவன் நான். ஆனால் ஐயா, அவளோடு சேர்ந்து ஜெயிலுக்குப் போக ஒரு கூட்டமே இருந்தது, வெளியே ஒரு ஜனமே காத்துக்கொண்டிருந்தது. ஒருத்தனுக்கு ஒருத்தன் துணை நிற்கும் ஜெயில் வேறு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் செத்தால்தான் உனக்கு லாபம் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஜெயில் வேறு. அந்தத் தொடரில் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு முட்டையும் ஒரு சோடாவும்தான் கொடுப்பார்கள். முரடர்கள் ரெண்டாம் தடவை வாங்கிக்கொள்ள, கடைசியில் நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, அடித்துக்கொண்டு சாகட்டும் என்று மேலே உட்கார்ந்து பார்ப்பார்கள். அதற்கப்புறம் தூக்கம் வருமா? மனுஷன் மனுஷனாக இருப்பானா?

'இது வெறும் கதைதானே' என்று கமெண்ட் போடப் போகிறவர்களுக்கு: ராமாயணமும் கதைதான். அதற்கு ஏன் நடுராத்திரி வரைக்கும் கூத்துப் பார்த்தோம்?

'அலியை ஏமாற்றிய சாங்வூவும் பாவம்தானே' என்பவர்களுக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன். பாவம்தான். சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை, மீன் கடை வைத்திருக்கும் அம்மாவின் சொத்தை அடமானம் வைத்துத் தொலைத்தவன். அலிக்குப் பஸ் காசு கொடுத்தவனும் அவன்தான். அந்தக் காசைத்தான் அலி கடைசிவரை மறக்கவில்லை. முதலில் அவனை 'சாஜாங்னிம்' என்று கூப்பிடுவான், முதலாளி என்று அர்த்தம். அப்படிக் கூப்பிடாதே, 'ஹ்யோங்' என்று கூப்பிடு என்கிறான் சாங்வூ. ஹ்யோங் என்றால் அண்ணன். அந்த அண்ணன்தான் கோலி ஆட்டத்தில் தோற்கப் போகிற நேரத்தில் அலியின் கோலிகளை எடுத்துக்கொண்டு, பையில் கூழாங்கல்லைப் போட்டுக் கட்டி, அலி கழுத்தில் மாட்டிவிடுகிறான். அவனைத் தேடிக்கொண்டே அலி பையைத் திறக்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அண்ணன் என்று ஒருத்தனை நம்பியது முட்டாள்தனம் என்றால் நம் வீட்டில் எல்லாருமே முட்டாள்கள்தான், சந்தோஷமாக இருங்கள்.

சாங்வூ கடைசியில் தன் கழுத்திலேயே குத்திக்கொள்கிறான். ஜெயித்த கிஹூன் ஒரு வருஷம் அந்தப் பணத்தைத் தொடுவதில்லை. உள்ளே செய்த கணக்கெல்லாம் வெளியே வந்துதான் நேராகிறது. தம்பி இந்தப் பக்கமே போகவில்லை. போயிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

'எதற்கெடுத்தாலும் கப்பல் கதையை இழுக்கிறீர்கள்' என்று என் மகளே சொல்கிறாள். சரி, கப்பலை விடுகிறேன். அதிலும் எனக்குக் கூச்சம் உண்டு, ஏனென்றால் ஆயாவின் அப்பா தோட்டத்தில் சர்தாராக, அதாவது கூலிகளுக்குக் கங்காணியாக இருந்தவர். ரேஷன் அரிசி அளக்கும்போது அவர் கை எந்தப் பக்கம் சாயும் என்று ஆயா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

2021 ஜூலைக்கு வருகிறேன். ஊர் முழுக்கக் கடைகள் எரிந்த அந்த வாரம். ரொட்டி இல்லை, பெட்ரோல் இல்லை, போலீஸ் இல்லை. நம் தெருமுனையில் டயரும் ஒரு பழைய ஃபிரிட்ஜும் போட்டு மறித்து, கிரிக்கெட் மட்டையோடு ராத்திரி பகலாக நின்றோம். ஒருத்தரிடம் துப்பாக்கி இருந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்து, வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகளைக் கேட்டுக் கேட்டு, மூன்று நாளில் எனக்கே என் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. நம் ஜனங்கள் இருக்கிற இன்னொரு பகுதியான பீனிக்ஸில் அந்த வாரம் 36 உயிர் போனது. எங்கள் தெருவில் யார்மேலும் கை படவில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நிறையப் பேரிடம்.

சொல்லாதது ஒன்று இருக்கிறது. நான்காம் நாள் காலை மலைச்சரிவுக் குடிசைப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். நான் கணக்கு எழுதிய கிடங்கில் பதினோரு வருஷமாக என்னோடு வேலை செய்தவர். என்னை 'பூத்தி' என்றுதான் கூப்பிடுவார், ஸூலுவில் அண்ணன் தம்பிக்குச் சொல்கிற சொல். மகளுக்கு மூச்சிரைப்பு, எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் பம்ப் வாங்கணும் என்றார். மட்டையோடு நின்ற பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அங்கிள், இவனைத் தெரியுமா?" என்று கேட்டான்.

என் ஆள், விடுங்கப்பா என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். சுற்றி நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். "வேலை இடத்தில் பார்த்திருக்கிறேன்" என்றேன்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

இனி அலியை முட்டாள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை, இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்துக் கிடங்கு திறந்தது. அவரும் வந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறாள், சார்" என்றார். போன வருஷம் நான் ரிட்டயர் ஆகி, கேக் வெட்டி, எல்லாரும் கை கொடுத்த அன்றைக்கும் சார்தான்.