சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் முடிந்த பாட்டு

செங்கல்பட்டு மின்சார ரயிலில் போகும்போதெல்லாம் மறைமலை நகர் தாண்டியதும் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிடுவேன். அடுத்தது சிங்கப்பெருமாள் கோயில். வண்டி அரை நிமிடம் நிற்கும். பூக்கூடையோடு சிலர் இறங்குவார்கள், காலேஜ் பிள்ளைகள் ஏறுவார்கள். 1937 அக்டோபர் 27 அன்று இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அப்துல் கரீம் கானின் உயிர் பிரிந்தது இந்த ஸ்டேஷனில்தான்.

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் நெஞ்சு வலி. இங்கே இறங்கி, நடைமேடையிலேயே படுக்கையை விரித்து உட்கார்ந்து, தொழுகையை முடித்து, தர்பாரி ராகத்தில் இறைவனைப் பாடியபடியே அடங்கினார் என்று சொல்வார்கள். உடலை மகாராஷ்டிரத்தின் மிரஜுக்குக் கொண்டுபோய் அங்குள்ள மீரா சாஹிப் தர்காவில் அடக்கம் செய்தார்கள். தம்புராவும் சிதாரும் செய்கிற ஊர் அது. இன்றும் உரூஸ் என்ற தர்கா விழா சமயத்தில் பாடகர்கள் அங்கே வந்து அவருக்காகப் பாடுகிறார்கள்.

அவரைப் பெரிய பாடகர் என்று எல்லோரும் சொல்கிறோம். எனக்கு அவர் முதலில் ஒரு வாத்தியார். கரானா என்கிற பாட்டுப் பரம்பரைகள் தங்கள் வித்தையைக் குடும்பத்துக்குள்ளேயே பூட்டி வைத்த காலத்தில், 1913-இல் புனேயில் ஆர்ய சங்கீத வித்யாலயம் என்று ஒரு பள்ளியைத் தொடங்கி வெளிப்பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவருடைய கரானாவின் கிரானா என்ற பெயரே, வடக்கே அவர் பிறந்த கைரானா என்ற ஊரின் பெயர். அந்த ஊர்க்காரர் கர்நாடகப் பகுதியின் குந்த்கோலிலிருந்து வந்த ராமச்சந்திரன் என்ற பிராமணப் பையனுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் பெரிய பாடகரான சவாய் கந்தர்வா. அவரிடம் வந்து சேர்ந்தவர்களைப் பாருங்கள்: சாதிச் சிறுமையை அனுபவித்து வளர்ந்த கங்குபாய் ஹங்கல், பார்சிக்காரரான ஃபிரோஸ் தஸ்தூர், அப்புறம் பீம்சேன் ஜோஷி. அந்த பீம்சேன், கடையில் ஓடிக்கொண்டிருந்த கான் சாஹிபின் ஜிஞ்ஜோட்டி ராக இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, குருவைத் தேடிப் பதினோரு வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போன பையன். இத்தனை பேரையும் இணைத்தது ஒரே பாணி. ஆனால் ஒருவர் குரல் இன்னொருவர் குரல் மாதிரி இருக்காது. நல்ல வாத்தியார் என்று நான் சொல்வது இதைத்தான்.

வீட்டுக்குள் கதை வேறு, அதையும் மறைக்கக் கூடாது. 1922-இல் அவர் மனைவி தாராபாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்து போனார். பின்னாளில் பாடகர்களான சுரேஷ்பாபு மானே, ஹீராபாய் பரோடேகர், சரஸ்வதி ராணே எல்லாம் அவர் பிள்ளைகள்தான், ஒருவர் பெயரிலும் அப்பா பெயர் இல்லை. குரலில் மட்டும் இருந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சின்ன வயதில் எனக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக் கொடுத்த ஒருவர், "இந்துஸ்தானி கேட்காதே, கமகம் கெட்டுப் போகும்" என்பார். கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது. பயந்து பல வருஷம் கேட்கவே இல்லை. எத்தனை வருஷம் வீணாகப் போனது என்று இன்றும் மனசு ஆறவில்லை.

அந்தப் பக்கமிருந்து வந்த கான் சாஹிப் என்ன செய்தார்? மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தபோது நம் வித்வான்களைக் காது கொடுத்துக் கேட்டார். கிரானாக்காரர்கள் ஆலாபனைக்கு நடுவே ஸ்வரம் பாடுவதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம் என்பார்கள். தியாகராஜரின் கரஹரப்ரியா கீர்த்தனை 'ராம நீ ஸமானமெவரு'வை இசைத்தட்டிலேயே பாடி வைத்திருக்கிறார். கேட்டுப் பாருங்கள். தெலுங்கு இடறும். நம் கமகத்தை எதிர்பார்த்தால் கிடைக்காது. ஆனால் மெல்லிய, கொஞ்சம் மூக்கோடு வரும் அந்தக் குரல் ஸ்வரத்தில் போய் நிற்கிற இடத்தில் தம்புரா எது, குரல் எது என்று பிரிக்க முடியாது. பேரும் புகழும் வந்த பிறகு இன்னொருவர் வித்தை முன்னால் மாணவனாக உட்காருவது லேசான காரியமா?

கற்றுக்கொள்ளும்போது ஒரு வழியில் நிற்கத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. கங்குபாயின் அம்மா அம்பாபாய் நல்ல கர்நாடக சங்கீதப் பாடகி. மகளின் இந்துஸ்தானியில் தன் பாட்டு கலந்துவிடக் கூடாதென்று பாடுவதையே நிறுத்திக்கொண்டவர். அந்த அம்மாவை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அது ஒரு தாய் தானாகக் கொடுத்தது. குழந்தையின் காதைப் பயமுறுத்தி அடைப்பது வேறு விஷயம். பாட்டு வாத்தியார்களே, மாதத்தில் ஒரு வகுப்பையாவது கேட்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள்.

என் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குப் போன வாரம் அந்த ஜிஞ்ஜோட்டியைப் போட்டுக் காட்டினேன். கரகரவென்ற பழைய தட்டுச் சத்தம், மூன்று நிமிஷத்துப் பாட்டு. முடிந்ததும் எட்டு வயது குட்டி ஒருத்தி, "மிஸ், இந்தத் தாத்தா எப்போ மூச்சு விட்டார்?" என்று கேட்டாள். யாரும் கவனித்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே இன்னொரு தடவை போட்டோம்.