செரா கேம்பிள் வெளியிலிருந்து வந்தவர் அல்ல
பேய்களை வேட்டையாடும் டீன், சாம் என்ற சகோதரர்களின் கதையான 'சூப்பர்நேச்சுரல்' டிவி தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கே 5-ஆவது சீசனோடு தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியதும் அதன் உயிரே போய்விட்டது, அடுத்து வந்த செரா கேம்பிளுக்கு அந்த உலகம் புரியவில்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2010-இல் பொறுப்பேற்ற கேம்பிள் முதல் சீசனிலிருந்தே அங்கே எழுதியவர். ராயெல் டக்கருடன் சேர்ந்து அவர் எழுதிய 'ஃபெய்த்' எபிசோடை எப்படி மறப்பது? மின்சாரம் தாக்கி இதயம் பழுதான டீன், கூடாரத்தில் ஜெபம் செய்து குணமாக்கும் ஒரு போதகரால் பிழைக்கிறான். அதற்கு ஈடாக, முன்பின் தெரியாத ஒருவன் செத்துப்போகிறான். பேயைவிட அந்தக் குற்ற உணர்ச்சிதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. 2-ஆவது சீசனில், தான் நேசித்த பெண்ணையே சாம் சுட வேண்டிவரும் 'ஹார்ட்' எபிசோடும் இவர் எழுதியதுதான். 7-ஆவது சீசனின் லெவியத்தான் என்ற அரக்கர்களின் கதை இழுவை, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை மட்டும் வைத்து அவரை எடைபோடலாமா? அப்புறம் ஜான் மெக்நமாராவோடு அவர் உருவாக்கிய 'தி மெஜிஷியன்ஸ்' தொடர் 5 சீசன் ஓடியது. மந்திரம் கைவந்த பிறகும் மனவேதனை தீராத இளைஞர்களின் கதை அது. 'ஃபெய்த்' எழுதிய அதே கை அதில் நன்றாகவே தெரிகிறது.